வளவை இடித்துக் கட்டிய வீடு

திருநெல்வேலி டவுனில் எங்கள் குடும்பத்தின் பழைய வளவு வீடு நின்ற இடத்தில் இப்போது புதுக் கட்டிடம் நிற்கிறது. தரையில் கடைகள், மேலே மூன்று மாடிகளில் 12 வீடுகள். கேள்விப்பட்ட சென்னை நண்பர்கள் சாவு வீட்டில் துட்டி கேட்கிற குரலில் பேசுகிறார்கள். தேக்குத் தூண் போச்சா, முற்றம் போச்சா, திண்ணையும் போச்சா? போச்சுதான். படத்தில் பார்க்கிறவர்களுக்கு முற்றம் அழகு. கார்த்திகை மாத அடைமழையில், ராத்திரி இரண்டு மணிக்கு, அந்த முற்றத்தையும் கிணற்றையும் தாண்டிக் கடைசிக் கோடியில் இருந்த கக்கூஸுக்குக் குடை பிடித்துப் போன எங்கள் ஆச்சியைக் கேட்டிருந்தால் வேறு மாதிரிச் சொல்லியிருப்பாள்.

வளவு பார்த்திராதவர்களுக்காகக் கொஞ்சம். தெருவைப் பார்த்து வீட்டுக்காரர் வீடு: திண்ணை, தார்சா, ரெண்டாங்கட்டு, அடுக்களை என்று நீளமாக உள்ளே போகும். அதன் பக்கவாட்டில் ஆள் நடக்கிற அளவுக்கு ஒரு நடை. அந்த நடைக்குள் போனால் ஒற்றை அறையும் அடுக்களையுமாக வரிசையாக வாடகை வீடுகள். எல்லாருக்கும் ஒரே கிணறு. திண்ணைக்கு இரண்டு பக்கமும் தெருவைப் பார்த்து இரண்டு சின்னக் கடைகள். ஒன்றில் தையல் மெஷின், இன்னொன்றில் மளிகை. உள்ளே ஒரு தட்டாசாரி குடும்பம், பாத்திரக்கடைக் கணக்கர், ஜவுளிக்கடையில் சேலை எடுத்துப் போடுகிறவர், பள்ளிக்கூட டீச்சர் ஒருவர். தட்டாசாரிக்கு வீடேதான் பட்டறை. விளக்கு வைத்த பிறகும் அவருடைய ஊதுகுழல் சத்தம் கேட்கும்.

இப்போது பிளானில் 'குடியிருப்பும் வணிகமும் கலந்த கட்டிடம்' என்று எழுதி, அதை ஏதோ புதுசாகக் கண்டுபிடித்த மாதிரி விளம்பரப் பலகையில் போடுகிறார்கள். நெல்லையப்பர் கோயிலைச் சுற்றியிருக்கிற நான்கு ரத வீதிகளிலும் அவற்றுக்குப் பின்னால் பிரிகிற தெருக்களிலும் எந்தக் காலத்தில் கடை வேறு, வீடு வேறு என்று இருந்தது? ஆரெம்கேவி ஜவுளிக்கடை 1924ல் இதே ஊரில்தான் தொடங்கியது. வடக்கேயிருந்து வந்து அல்வா கிண்டிய லாலாக்களும் இந்தத் தெருக்களில்தான் கடை போட்டார்கள். கீழே வியாபாரம், மேலேயோ பின்னாலேயோ குடித்தனம். அதுதான் டவுன்.

அது எப்போது குலைந்தது என்றால், நாங்கள் எல்லாரும் கிளம்பிப் போனபோது. இதில் யாரையும் குறை சொல்ல வழியில்லை. 1843ல் சுலோசன முதலியார் கட்டிக்கொடுத்த பாலத்தைத் தாண்டி எங்கள் குடும்பத்தில் ஒவ்வொருவராகப் பாளையங்கோட்டைப் பக்கம் போனார்கள். பெரியப்பா பெருமாள்புரம், சித்தப்பா மகாராஜநகர், ஒரு அத்தை தியாகராஜநகர். காரணம் சாதாரணமானது: டவுன் வீட்டு வாசலில் கார் நிறுத்த முடியாது, கல்யாணமான மகனுக்குத் தனி அறை கிடையாது, கழிப்பறை கடைசியில் கிடக்கிறது. தனி வீடு, சுற்றி நாலு தென்னை என்று ஆசைப்பட்டார்கள்.

விட்டுப்போன வீடுகள் சும்மா கிடக்கவில்லை. ஜவுளிக்கடைகள் குடோனாக எடுத்துக்கொண்டன. தார்சாவில் சேலைக் கட்டுகள், அரங்கு என்கிற உள்ளறையில் அட்டைப்பெட்டிகள். குடோனுக்கு ஜன்னல் தேவையில்லை, விளக்கு தேவையில்லை, வாசல் தெளிக்கத் தேவையில்லை. வாடகை மட்டும் ஒன்றாம் தேதி தவறாமல் வந்துவிடும். தீபாவளி, பொங்கல் என்றால் வாகையடி முக்கில் கால் வைக்க இடமிருக்காது. அதே டவுனில் ராத்திரி பத்து மணிக்கு மேல் பின்தெருக்களில் நடந்தால் வரிசையாகப் பூட்டுகள்தான். பழைய வீட்டை இடிப்பதைப் பற்றிப் புலம்புகிறவர்கள் இந்தப் பூட்டுகளைப் பற்றி ஏன் பேசுவதில்லை என்று எனக்குப் புரிந்ததே இல்லை. தூண் அப்படியே இருக்கிறது, உத்திரம் அப்படியே இருக்கிறது, உள்ளே மனுஷன் இல்லை. அதைக் காப்பாற்றி யாருக்கு என்ன?

எங்கள் வளவும் கடைசிப் பத்துப் பதினைந்து வருஷம் பாதி குடோன்தான். இடிக்கத் தீர்மானித்ததற்கு உண்மையான காரணம் பாகப்பிரிவினை. தாத்தாவுக்குப் பிறகு அப்பா கூடப்பிறந்தவர்கள், அவர்கள் பிள்ளைகள் என்று பங்குக்காரர்கள் பெருகிவிட்டார்கள். முன்காலத்தில் என்றால் பெண்மக்களிடம் ஒரு பட்டுச்சேலையும் கொஞ்சம் பணமும் கொடுத்து விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். பெண்மக்களுக்கும் பங்கு என்று தமிழ்நாட்டில் 1989ல் சட்டம் மாறியது, நாடு முழுக்க 2005ல் மாறியது. அத்தைமார் பங்கு கேட்டார்கள். கேட்க வேண்டியதுதான். ஆனால் தெருப்பக்கம் கொஞ்சம் அகலமும் உள்ளே நீளமுமாகக் கிடக்கிற 18 சென்ட் வளவை அல்வாத் துண்டு மாதிரி வெட்டி ஆளுக்கொன்று கொடுக்க முடியுமா? திண்ணை யாருக்கு, கிணறு யாருக்கு? தெருமுகம் கிடைத்தவனுக்கு லாபம், பின்பக்கம் கிடைத்தவனுக்கு நடைக்கு வழக்கு. நெல்லைக் கோர்ட்டில் இப்படி எத்தனை நடை வழக்குகள் தாத்தா காலத்தில் தொடங்கிப் பேரன் காலத்திலும் ஓடிக்கொண்டிருக்கின்றன என்று எந்த வக்கீலைக் கேட்டாலும் சொல்வார்.

அடுக்குமாடியில் இந்தச் சிக்கல் அவிழ்கிறது. மண் எல்லாருக்கும் பொது. ஆளுக்கு இத்தனை சதுர அடி என்று பிரிக்காத பங்கு பத்திரத்தில் ஏறிவிடும். வீடு தனித்தனியாக ஆளுக்கொரு சாவி. கூட்டு ஒப்பந்தம் போட்டோம்: நிலம் எங்களுடையது, கட்டுகிற செலவு பில்டருடையது, வீடும் கடையும் ஆளுக்குப் பாதி. எங்கள் பாதியில் அத்தைமார் இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு வீடு வந்தது. மூத்த அத்தை தன் வாழ்நாளில் முதல்முறையாகத் தன் பேரில் ஒரு பத்திரத்தைக் கையில் வாங்கினாள்.

பில்டர் கொண்டுவந்த முதல் காகிதத்தில் வீடு 1,150 சதுர அடி என்று இருந்தது. என் அத்தான் வங்கியில் வேலை பார்த்தவர், காகிதத்தை நம்பாதவர். சுவருக்கு உள்ளே எவ்வளவு என்று கேட்டார். சுற்றி வளைத்து, கடைசியில் 830 என்று பதில் வந்தது. மீதியெல்லாம் படிக்கட்டு, லிஃப்ட், நடைபாதை, வெளிச்சுவர் என்று பங்கு போட்டுச் சேர்த்த கணக்கு. 2016ல் வந்த ரியல் எஸ்டேட் சட்டப்படி விற்பனை கார்ப்பெட் ஏரியாவில், அதாவது வெளிச்சுவருக்கு உள்ளே இருக்கிற அளவில்தான் பேசப்பட வேண்டும். மனை 500 சதுர மீட்டருக்கு மேலோ வீடு எட்டுக்கு மேலோ போனால் அந்தச் சட்டத்தின் கீழ் ரெரா ஆணையத்தில் பதிவும் கட்டாயம். வாங்குகிறவர்களிடம் வசூலிக்கிற பணத்தில் 70 சதவீதத்தைத் தனிக் கணக்கில் போட்டு அந்தக் கட்டிடத்துக்கே செலவழிக்க வேண்டும். ஒப்படைத்து ஐந்து வருஷத்துக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால் அவர்களே சரிசெய்து கொடுக்க வேண்டும். "இதெல்லாம் சென்னையில சார், நம்ம ஊர்ல யாரு பாக்குதா?" என்றார் பில்டர். "நான் பாக்குதேன்" என்றார் அத்தான். அப்புறம் பேச்சு ஒழுங்காக நடந்தது.

இடிக்கிற வேலையைப் பற்றித் தனியாக எழுதலாம். டவுன் வீடுகள் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்துதான் நிற்கின்றன. பக்கத்து வீட்டுக்காரரின் உத்திரத்து முனைகள் எங்கள் சுவருக்குள் இருந்தன. எங்கள் சுவர் என்று நாங்கள் நினைத்தது அவர்களுக்கும் சுவர். மேலே ஓட்டைப் பிரித்துக் காரையைச் சுரண்டினபோதுதான் எந்த மரம் யாருடையது என்று தெரிந்தது. அந்தப் பக்கத்தில் தனியாக இருந்த பெரியவர் ஒவ்வொரு நாளும் நாற்காலி போட்டு உட்கார்ந்து மேஸ்திரியைக் கண்காணித்தார். அவர் பக்கம் செங்கலில் புதுச் சுவர் ஒன்று எழுப்பி, உத்திரங்களை அதன் மேல் ஏற்றி உட்காரவைத்த பிறகுதான் பொதுச்சுவரைத் தொட விட்டார். இயந்திரம் உள்ளே வராத தெரு. முக்கால்வாசி கடப்பாரை வேலை. தூண்களையும் நிலைக்கதவையும் பழைய மரம் வாங்குகிற வியாபாரி கொண்டுபோனார். ஏதோ ரிசார்ட்டில் நிற்குமாக இருக்கும்.

பில்டருக்கு ஒரு ஆசை இருந்தது: பூமிக்கு அடியில் கார் நிறுத்தம். டவுனைப் பற்றித் தெரிந்த யாரும் அதைச் சொல்லமாட்டார்கள். சுத்தமல்லி அணைக்கட்டிலிருந்து வருகிற நெல்லைக் கால்வாய் ஊரை ஒட்டித்தான் ஓடுகிறது, பக்கத்தில் நயினார்குளம். ஒரு காலத்தில் வயலுக்கு நடுவில் இருந்த ஊர் இது. ஐப்பசி கார்த்திகையில் எங்கள் வளவுக் கிணற்றில் கயிறே இல்லாமல் குனிந்து வாளியில் கோரிவிடலாம். அந்த மண்ணில் பத்தடி தோண்டினால் மழைக்காலம் முழுக்க மோட்டார் போட்டுத் தண்ணீர் இறைக்க வேண்டியதுதான். நாங்கள் வாயால் சொன்னது அவர் காதில் ஏறவில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழை ஏற்றியது. தாமிரபரணி கரையேறி ஜங்ஷன் பக்கம் மிதந்தபோது எங்கள் மனையில் பரிசோதனைக்குத் தோண்டின குழி குளமாக நின்றது. அதோடு அடித்தளப் பேச்சு முடிந்தது.

ஆனால் அதிலிருந்துதான் உண்மையான சண்டை தொடங்கியது. அடியில் கார் இல்லையென்றால் கார் எங்கே போகும்? விதிப்படி வீடுகளுக்கும் கடைகளுக்கும் வண்டி நிறுத்த இடம் காட்டித்தான் ஆக வேண்டும். பில்டர் போட்ட புதுப் பிளானில் தரைத்தளம் பூராவும் தூண்களும் கார்களும். தெருவைப் பார்த்து ஒரு இரும்பு கேட், அதன் பக்கத்தில் வாட்ச்மேன் கூண்டு, மீதி நீளத்துக்கு எட்டடிச் சுவர். வணிகம் என்று காட்ட ஓரத்தில் ஒரே ஒரு பெரிய கடை, வங்கிக்கோ நகைக்கடைக்கோ விடுகிற மாதிரி.

அந்தப் பிளானைப் பார்த்தபோதுதான் எனக்கு முதல்முறையாக வளவுக்காகக் கவலை வந்தது. மேலே எத்தனை மாடி, தூண் தேக்கா சிமெண்டா என்பதெல்லாம் எனக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை. தெருவில் நடக்கிற ஒருவனுக்கு ஒரு கட்டிடத்தில் கண்ணில் படுவது அதன் கீழ்ப் பத்தடிதான். அந்தப் பத்தடியில் திண்ணை இருந்தது, தையல் மெஷின் இருந்தது, மளிகைக்கடையில் நின்று பேசுகிற ஆட்கள் இருந்தார்கள். ஸ்கூல் விட்டு வருகிற பிள்ளையை நாலு கண் பார்த்தது. அங்கே எட்டடிச் சுவர் எழும்பினால் குடோனுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? மேலே 12 குடும்பம் வந்தாலும் தெருவுக்கு ஒரு பூட்டு கூடினதுதான் மிச்சம்.

மூன்று நான்கு மாசம் இழுத்தது. கடைசியில் பிளான் தலைகீழாகத் திரும்பியது: தெருமுகம் முழுக்க பத்தடி, பன்னிரண்டடி அகலத்தில் ஐந்து சின்னக் கடைகள், ஓரத்தில், பழைய நடை இருந்த அதே பக்கத்தில், உள்ளே போகிற வழி, கார்கள் கடைகளுக்குப் பின்னால். இதில் கார் நிறுத்த இடம் கொஞ்சம் குறைந்தது, அதனால் அனுமதிக்கு ஏற்றபடி வீட்டின் அளவையும் குறைக்க வேண்டியிருந்தது. பில்டருக்கு நஷ்டம் என்றார். ஒரு பெரிய கடையைவிட ஐந்து சின்னக் கடைகளுக்குச் சதுர அடி வாடகை கூடுதல் என்று அத்தான் கணக்குப் போட்டுக் காட்டியதும் நஷ்டப் பேச்சு நின்றது. டவுனில் நடந்து வருகிற கூட்டத்துக்குச் சின்னக் கடைதான் தோது. காரில் வருகிறவன் எப்படியும் நிறுத்த இடமில்லாமல் இன்னொரு சுற்று சுற்றிக்கொண்டுதான் இருப்பான்.

கட்டிடங்கள் தெருவுக்குள் நீண்டுகொண்டே வருவது டவுனில் இன்னொரு தொல்லை. ரத வீதிகளுக்கு அது அவ்வளவு கிடையாது. ஆனி மாதம் தேர் வருகிறது. வருஷத்துக்கு ஒரு தடவை அவ்வளவு பெரிய தேர் நான்கு வீதியையும் அளந்துவிட்டுப் போகிறது. படியை முன்னால் இழுத்தவர், பந்தலை நீட்டியவர் எல்லாரும் அதற்குள் உள்ளே போயாக வேண்டும். எந்த நகரமைப்பு அலுவலகமும் இத்தனை வருஷமாக இவ்வளவு ஒழுங்காக ஆக்கிரமிப்பை அளந்ததில்லை. பின்தெருக்களுக்குத் தேர் வராது. அங்கே ஒவ்வொரு வீட்டின் படியும் வருஷத்துக்கு ஒரு விரற்கடை நகர்கிறது.

உயரத்தைப் பற்றியும் கேட்டார்கள். மதுரையில் மீனாட்சி கோயிலைச் சுற்றி 1 கிலோமீட்டருக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டக்கூடாது என்று 1997ல் அரசாணை வந்தது. அந்த அளவுகோலில் பார்த்தால் எங்கள் கட்டிடம் ஒன்பதைத் தாண்டியதுதான். மூன்றாவது மாடியில் கிழக்குப் பார்த்த வீடுகளுக்குக் கோபுர தரிசனம் உண்டு என்று சொல்லி பில்டர் தன் பங்கு வீடுகளுக்குக் கூடுதல் விலை வைத்தார், வாங்கவும் செய்தார்கள். பின்னால் இருக்கிற ஓட்டு வீட்டின் மட்டப்பாவிலிருந்து (மொட்டை மாடியிலிருந்து) இத்தனை நாளாக இலவசமாகக் கோபுரம் பார்த்தவர்களுக்கு இப்போது எங்கள் தண்ணீர்த் தொட்டி தெரிகிறது. இதற்கு என்னிடம் நல்ல பதில் எதுவும் இல்லை.

பிளான் எல்லாம் முடிந்து பூச்சு வேலை நடக்கும்போது சின்ன அத்தைதான் கேட்டாள்: "கடையில வேலைக்கு வார பிள்ளைய ஒண்ணுக்குப் போவணும்னா எங்கலே போவும்?" யாரும் யோசித்திருக்கவில்லை. ஐந்து கடைக்கும் சேர்த்து ஒரு கழிப்பறைகூட இல்லை. கடைகளில் வேலை செய்கிறவர்கள் உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டத்திருத்தம் வந்ததே 2021ல்தான். அதுவரை ஜவுளிக்கடைப் பெண்கள் காலையிலிருந்து ராத்திரி வரை நின்றுகொண்டே இருந்தார்கள். எங்கள் வளவில் குடியிருந்த, ஜவுளிக்கடையில் சேலை எடுத்துப் போடுகிறவர் வீட்டுக்கு வந்ததும் சுவரில் காலைத் தூக்கிவைத்துப் படுப்பார். அத்தை சின்னப் பிள்ளையாக அதைப் பார்த்தவள். பின்பக்கம் மோட்டார் அறையைச் சுருக்கி இரண்டு கழிப்பறை கட்டினோம்.

மின்சாரத்துக்குக் கடைக்கொரு விகிதம், வீட்டுக்கொரு விகிதம், படிக்கட்டு விளக்குக்கும் லிஃப்டுக்கும் தனி மீட்டர். சொத்து வரியும் அப்படியே. கடையும் வீடும் கலந்த கட்டிடத்தில் மாதாமாதம் வருகிற வழக்குகளில் பாதி இந்தப் பொது மீட்டரைப் பற்றித்தான். கடைக்காரர் லிஃப்டில் ஏறுவதில்லை, பங்கு ஏன் கொடுக்க வேண்டும்? மாடிக்காரர் கடைக் கழிப்பறையைத் தொடுவதில்லை, அதைக் கழுவ அவர் ஏன் கொடுக்க வேண்டும்? புது அடுக்குமாடி உரிமையாளர் சட்டம் 2022ல் நிறைவேறி 2024ல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. சங்கம் வைத்தே ஆக வேண்டும். அதே சட்டத்தில், கட்டிடத்தை இடித்துக் கட்ட மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் போதும் என்று இருக்கிறது. வளவை இடிக்க ஒருத்தர் பாக்கியில்லாமல் எல்லாரிடமும் கையெழுத்து வாங்க அலைந்தோம், துபாயில் இருந்த தம்பி உட்பட. எங்கள் பேரப்பிள்ளைகளுக்கு அந்த அலைச்சல் குறைவு.

வளவில் இருந்தவர்கள் எங்கே போனார்கள்? இந்தக் கேள்வியைத் தவிர்க்கத்தான் எல்லாருக்கும் விருப்பம். கடைசியில் மிச்சமிருந்த குடித்தனக்காரர்களுக்கு அட்வான்ஸோடு சேர்த்துக் கொஞ்சம் கொடுத்தோம். பேட்டைக்கும் தச்சநல்லூருக்கும் போனார்கள். அவர்கள் கொடுத்துவந்த வாடகைக்கு டவுனுக்குள் இனி வீடு கிடைக்காது. புது வீடுகளில் ஒன்றைக்கூட அவர்களால் வாடகைக்கு எடுக்க முடியாது. மேலே வந்திருப்பவர்களில் பாதிப்பேர் பாளையங்கோட்டையில் பெரிய வீட்டைப் பூட்டிப்போட்டுவிட்டு, கோயிலுக்கு நடந்து போகலாம் என்று வந்த வயசானவர்கள். மூத்த அத்தையும் அப்படித்தான் திரும்பி வந்தாள். இரண்டு வீடுகளில் கைக்குழந்தை இருக்கிறது. எட்டு மணிக்கு மேலும் ஜன்னல்களில் வெளிச்சம் தெரிகிறது. தெருவில் பால்காரர் மறுபடி வருகிறார். வளவு கொடுத்ததில் இது ஒரு பாதிதான். ஓர் ஊருக்குத் தட்டாசாரியும் வேண்டும், அவருக்கு ஊருக்குள்ளேயே வீடும் வேண்டும் என்கிற மற்றப் பாதியை எந்த பில்டரும் தானாகச் செய்யமாட்டார். மாநகராட்சியோ வீட்டு வசதி வாரியமோதான் செய்ய வேண்டும்.

எங்களால் முடிந்தது, எங்கள் பங்குக்கு வந்த கடைகளில் ஒன்றைப் பழைய தையல்கார அண்ணாச்சிக்கே கொடுப்பது. அதற்கும் சண்டை. அதே கடைக்கு ஏடிஎம் வைக்க ஒரு வங்கி கேட்டது. அண்ணாச்சியால் கொடுக்க முடிகிற வாடகையைப் போல இரண்டு மடங்குக்கு மேல். ஞாயிற்றுக்கிழமை மூத்த அத்தை வீட்டில் குடும்பக் கூட்டம். சின்னப் பையன்கள் ஏடிஎம் பக்கம். "மாசம் முழுக்க ஏசி ஓடும், தொந்தரவு கிடையாது, தையல் மெஷின் சத்தமும் இல்ல" என்றார்கள். அத்தை முறுக்கு எடுத்துவைத்துக்கொண்டே கேட்டாள்: "நான் படியில வழுக்கி விழுந்தா ஏடிஎம் வந்து தூக்குமாலே?" கை தூக்கச் சொன்னதில் ஒரு கை அதிகமாக அண்ணாச்சி பக்கம் விழுந்தது.

வழக்கம்போல 11 மாத ஒப்பந்தம் எழுதியிருக்கிறோம். அண்ணாச்சி மெஷினைக் கொண்டுவந்து போட்டுவிட்டார். போர்டு இன்னும் எழுதவில்லை, ஒப்பந்தம் ஒரு தடவை புதுப்பித்த பிறகு எழுதிக்கொள்ளலாம் என்கிறார். ஏடிஎம் கட்சிக்காரர்கள் அடுத்த கூட்டத்துக்குத் துபாய் தம்பியின் ஓட்டை இப்போதே போனில் கேட்டு வைத்திருக்கிறார்கள்.